பெருநாளுக்கு நீ வரவேண்டாம்

786
ஆம்பூர்,
ரமலான் பிறை 3 (11-12-1934)

அன்புத் தங்கை நசீமுன்னிசாவுக்கு, முனவ்வர் பேகம் சலாம் சொல்லி எழுதுவது.

நான் பேரணாம்பட்டிலிருந்து வந்து நாலு நாளாகிறது. நீ ஆலங்காயம் புறப்பட்ட வண்டி தெருமுனை திரும்பிய கொஞ்ச நேரத்தில் என் வண்டி வந்து நின்றதாம். முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கொடுத்து வைக்கவில்லை. அம்மா வீட்டில் மலைக்காற்றுப் பட்டு, வேளைக்குத் தூங்கி, உன் மனசு தேறினால் அதுவே எங்களுக்குப் பெருநாள். வேலூர் டாக்டரம்மா சொன்னபடி, பெருநாள் கழிகிற வரைக்கும் இந்த வீட்டு நினைப்பே உனக்கு வேண்டாம். அதற்காகத்தானே முனீர் மச்சான் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவள்தானே நான். அத்தாவோடு கூடப்பிறந்த சொந்த மாமி வீட்டுக்கு வருவதற்கு எனக்கென்ன கசப்பு?

வீட்டு நினைப்பு வேண்டாம் என்று எழுதிவிட்டு வீட்டைப் பற்றியே எழுதுகிறேன், கோபிக்காதே. உன் சமையற்கட்டில் மிளகாய் டப்பாவைத் தேடியே முதல் நாள் பாதி போய்விட்டது. இப்போது எல்லாவற்றையும் அடுப்புக்கு எட்டுகிற மாதிரி மாற்றி அடுக்கிவிட்டேன். தோல் பதனிடும் ஷாப்பு ஆட்களுக்கு நோன்புக் கஞ்சி தினம் சரியான நேரத்துக்குப் போகிறது. மச்சான் நேற்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். “எத்தன வருசமாச்சு இந்த ருசி பாத்து” என்று மாமி எல்லோர் எதிரிலும் சொன்னபோது எனக்கே கூச்சமாகிவிட்டது.

உன் மகள் சைரா சமர்த்தாக இருக்கிறாள். முதல் இரண்டு நாள் உன்னைத் தேடினாள். இப்போது என் பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம்.

பிறை இருபதில் மெட்ராஸ் ஏஜெண்டுகளுக்கு நோன்பு திறக்க விருந்து வைக்கவேண்டும் என்கிறார் மாமி. கோப்பைகள் இருக்கும் கண்ணாடி அலமாரியின் சாவியைக் காணோம். உன்னிடம் இருந்தால் அங்கிருந்து ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றிவரும் மஹபூப் பாஷா வண்டியில் கொடுத்தனுப்பு.

உன் சுகத்துக்கு எப்போதும் துஆ கேட்கும் அக்கா,
முனவ்வர்


ஆலங்காயம்,
ரமலான் பிறை 6

அன்புள்ள முனவ்வர் அக்காவுக்கு நசீமாவின் சலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. என் வீட்டில் எல்லாம் என்னைவிட நன்றாக நடப்பதை அறிந்து சந்தோஷம்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. அனுப்பவில்லை. அந்தக் கோப்பைகள் என் அம்மா எனக்குக் கொடுத்த சீர். மெட்ராஸ் ஏஜெண்டுகள் பித்தளை டம்ளரில் குடித்தாலும் தாகம் தீரும்.

மிளகாய் டப்பா நான் வைத்த இடத்தில் இருந்ததற்குக் காரணம் சைரா. அவள் கைக்கு எட்டக்கூடாது என்றுதான் மேலே வைத்தேன். தலை பின்னும்போது இறுக்காதீர்கள், அவளுக்கு நெற்றி வலி வரும். இதெல்லாம் நீங்கள் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் என்னை உடையக்கூடிய சாமான் மாதிரி நடத்துகிறார்கள். டாக்டரம்மா நோன்பு கூடாது என்றுவிட்டதால், வீடே பட்டினி இருக்க, நான் மட்டும் நடுப்பகலில் கதவை ஒருக்களித்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறேன். அது தொண்டையில் இறங்குகிறதா என்று நீங்கள் யாரும் கேட்கவேண்டாம்.

போன பெருநாளில் நடந்ததை உங்களுக்கு யார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நானே சொல்கிறேன். ரமலான் மாதம் முழுக்க விருந்து. பெருநாளன்று விடிந்ததிலிருந்து வந்தவர்களுக்குச் சேமியாவும் சோறும் பரிமாறிக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்கு மேல் கிணற்றடியில் தட்டு கழுவ உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அழுகை வந்தது, நிற்கவில்லை. விருந்துக்கு வந்த பெண்களெல்லாம் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி ஜின் பிடித்திருக்கிறது என்றாள், ஒருத்தி தாயத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, கையில் எடுத்ததெல்லாம் விழுந்தது. எனக்குப் பைத்தியம் இல்லை அக்கா. களைப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதை அந்த டாக்டரம்மா ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இரண்டு தரம் ‘மச்சான்’ வருகிறது. மாமி மகன், முறைதான், நீங்கள் அப்படிக் கூப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு குரல் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் எந்தக் குரலுக்குத் திரும்புவார் என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். டாக்டரம்மா யோசிக்கக்கூடாது என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
நசீமா


ஆம்பூர்,
ரமலான் பிறை 12

தங்கை நசீமாவுக்கு சலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் பதில் எழுதவில்லை. கோபம் என்றே வைத்துக்கொள். நான் இந்த வீட்டுக்கு விருந்தாட வரவில்லை. விடியுமுன் சஹருக்கு எழுந்தால் இரவு இஷா தொழுகிற வரைக்கும் நிற்கிறேன். அடுப்பங்கரையில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. அதைப் பற்றி உனக்கு ஒரு வரி எழுதினேனா?

நீ ஒளிவுமறைவில்லாமல் எழுதினாய், நானும் அப்படியே எழுதுகிறேன். சைரா நேற்று விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என்னை “அம்மா” என்றாள். வாய் தவறித்தான். திருத்துவதற்குள் ஓடிவிட்டாள்.

மாமி, வந்திருந்த வாணியம்பாடி உறவுக்காரர்களிடம், “மொதல்லயே என் தம்பி பொண்ணக் கட்டியிருந்தா முனீருக்கு இன்னா கொற வந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டார். நானும் அங்கே இருந்தேன், மச்சானும் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஷாப்புக்குப் போய்விட்டார். வேறு யாராவது திரித்துச் சொல்லி உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுவது நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

சாவி வேண்டாம். பக்கத்து வீட்டில் கோப்பைகள் இரவல் கேட்டுக்கொண்டேன்.

முனவ்வர்


ஆலங்காயம்,
ரமலான் பிறை 15

முனவ்வர் அக்காவுக்கு.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார் என்றால் என்ன அர்த்தம்? அவர் அம்மா சொன்னது பொய் என்றால் பொய் என்று சொல்ல ஒரு வாய் இல்லையா அவருக்கு? எழுந்தபோது உங்களைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? அதை ஏன் எழுதவில்லை?

நல்லது என்று எழுதினீர்கள். உங்களுக்கு நல்லது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்த என் தூக்கம் போய்விட்டது. வடித்த சோற்றைத் தட்டோடு கீழே போட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மறுபடியும் ஆரம்பிச்சிருச்சாம்மா?” என்று கேட்டதும் கத்திவிட்டேன். பெற்றவளைப் பார்த்துக் கத்தினேன், நோன்பு வாயோடு இருந்தவளை.

நான் வருகிறேன். பெருநாளை என் வீட்டில் நானே செய்கிறேன். என் அண்ணன் சத்தாரிடம் வண்டி கட்டச் சொன்னேன். “டாக்டரம்மா சொன்னது மறந்து போச்சா? பட்ட வண்டியில குந்தி ஆம்பூர் வரைக்கும் குலுங்கினா நீ தாங்குவியா? பேசாம இரு” என்றார். நான் நடந்தாவது வருவேன். கிணற்றடியில் மறுபடி விழுந்தாலும் என் கிணற்றடியில் விழுகிறேன். என் பிள்ளை, என் அடுப்பு, என் புருஷன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் வந்தது எனக்கு ஒத்தாசைக்கா, என் இடத்தில் உட்காருவதற்கா?

நசீமா


ஆம்பூர்,
ரமலான் பிறை 21

தங்கை நசீமாவுக்கு, முனவ்வர் கண்ணீரோடு எழுதுவது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதக் காகிதம் எடுத்து, இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். காரசாரமாகத்தான் எழுதினேன். நல்லவேளை, மஹபூப் பாஷா வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. நேற்று நடந்ததற்குப் பிறகு வேறு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது.

நேற்றுதான் ஏஜெண்டுகள் விருந்து. சொன்னது ஒரு கணக்கு, வந்தது அதற்கு மேல். பிரியாணி தேக்சா இறக்கவேண்டும், சமோசா பொரிக்கவேண்டும், பெருநாளுக்குச் சைராவின் சட்டைக்கு அளவெடுக்கத் தையற்காரர் வாசலில் நிற்கிறார், சைரா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். மாமி வந்து நின்று, “தால்சா இன்னும் ஆவலையா? நசீமா இருந்தா இந்நேரம் எல்லாம் எறக்கி வெச்சிருப்பா. நீ இன்னாடி நிக்கிற?” என்றார்.

ஆமாம் நசீமா, உன் பெயரைச் சொல்லித்தான்.

அதற்குப் பிறகு என் கையில் இருந்த கரண்டி எதற்கு என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. எண்ணெய் காய்ந்து புகைவது தெரிகிறது, என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஹலீமா பீ வந்துதான் இறக்கி வைத்தாள். நான் கொல்லைப் பக்கம் போய்ப் பட்டைக் கொட்டகையில், அடுக்கியிருந்த கட்டுகளின் நடுவே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நீ எழுதியிருந்தாயே, நிற்கவில்லை என்று. நிற்கவில்லை. பாங்கு சொன்னார்கள், நோன்பு திறக்கத் தண்ணீர்கூட எடுக்க எழ முடியவில்லை.

மச்சான் தேடிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அங்கேயே கீழே குந்திக்கொண்டார். “அவளும் இப்டித்தான் உக்காந்திருந்தா. நான் கூடத்துல விருந்தாளிங்களோட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தேன், முனவ்வர். சைரா வந்து அம்மா அழுவுதுன்னு சொன்னதுக்கு, அப்பறம் வர்றேன்னு சொன்னேன்” என்றார். வெளியே ஏஜெண்டுகள் காத்திருந்தார்கள். அவர் எழுந்து போகவில்லை.

நீ பலவீனக்காரி என்று நான் நினைத்திருந்தேன். பெரிய இடத்து மருமகளுக்கு கொஞ்சம் வேலைகூடத் தாங்காதா என்று பேரணாம்பட்டில் இருக்கும்போது சொல்லவும் சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டுப் பெருநாளை ஒருத்தி செய்ய முடியாது.

உன் கேள்வி பாக்கியிருக்கிறது. ஒத்தாசைக்குத்தான் வந்தேன். வந்த பிறகு என்ன ஆனது என்று கேட்டால், ஒவ்வொரு தடவை வண்டி வந்து நின்றதும் மச்சான் வாசலுக்கே போய் மஹபூப் பாஷாவிடம் கேட்பார்: “நசீமா எப்டி இருக்கா? சாப்ட்டாளாமா?” பட்டை எத்தனை கட்டு என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். ஜன்னலுக்கு உள்ளே நின்று அதைக் கேட்பேன். இங்கே இல்லாத ஒருத்தியை ஒரு ஆண் இப்படி விசாரிப்பானா என்று வயிறு எரியும். சைரா அம்மா என்று கூப்பிட்டதை அந்த எரிச்சலில்தான் உனக்கு எழுதினேன்.

இந்தப் பெருநாளுக்கு நீ வரவேண்டாம். என் மேல் சந்தேகப்பட்டாவது அங்கேயே இரு.

முனவ்வர்


ஆலங்காயம்,
ரமலான் பிறை 24

அன்புள்ள அக்காவுக்கு நசீமாவின் சலாம்.

உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. நீங்களும் விழுந்தீர்கள் என்ற சந்தோஷம். அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். “அந்தப் பொண்ணும் பாவம்டி” என்று அம்மா சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது.

மாமி என் பெயரைச் சொல்லி உங்களைக் குத்தினார் என்று எழுதியிருந்தீர்கள். நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் குத்தினார். “முனவ்வரா இருந்தா கறி இப்டியா வெச்சிருப்பா? முனவ்வரா இருந்தா வந்தவங்கள இப்டியா கவனிப்பா?” நான் களைத்துப் போனதில் பாதி உங்களோடு போட்டி போட்டுத்தான் அக்கா. கண்ணால் அதிகம் பார்த்திராத உங்களை ஜெயிப்பதற்காக விருந்துக்கு மேல் விருந்து நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாராவது வேண்டாம் என்றால்கூட விடமாட்டேன்.

அவருக்கும் இதே வண்டியில் ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறேன். ஷாப்பு ஆட்களின் சாப்பாட்டைக் கூலிக்குச் சமையற்காரர் வைத்து ஷாப்பிலேயே சமைக்கட்டும். பெருநாளன்று வருபவர்களுக்குச் சேமியா போதும், சோறு வேண்டாம். என்னைக் கேட்டு யாரும் முடிவு செய்யாத வீட்டில் இதைச் சொல்லவே இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

நீங்கள் பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்னால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொஞ்சம் படுங்கள். யார் கூப்பிட்டாலும் திறக்காதீர்கள். டாக்டரம்மா எனக்குச் சொன்ன வைத்தியமே இதுதான். அந்த வீட்டில் ஒருநாளும் என்னால் செய்ய முடிந்ததில்லை, இங்கே வந்துதான் செய்கிறேன். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

பெருநாள் முடிந்து நான் வந்த பிறகும் நீங்கள் ஆம்பூரிலேயே இருங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் தாங்கலாம். இதை எழுதலாமா என்று யோசித்தேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் தங்கை,
நசீமா


பேரணாம்பட்டு,
ரமலான் பிறை 28

தங்கை நசீமாவுக்கு சலாம்.

ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். முந்தாநாள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மச்சான் மாமியை உட்கார வைத்துப் பேசினார். சமையற்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, சோற்று விருந்து இல்லை என்றார். மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “ஊர்ல நாலு பேரு இன்னாடா கேப்பான்? அவ பேச்சக் கேட்டு என் வீட்டு அடுப்ப அணைக்கிறியா? நான் சொல்றதக் கேளு. முனவ்வர நிக்காஹ் பண்ணி இங்கியே வெச்சுக்க. ரெண்டு பேரும் இருக்கட்டும். மார்க்கத்துல இல்லாததையா சொல்றேன்?” என்றார். நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் சைராவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மாமிக்கும் அது தெரியும்.

மச்சான் குரலை உயர்த்தவில்லை. “முனவ்வர் இங்க வந்தது நசீமாவுக்காக. அந்தப் பேச்ச இத்தோட விட்ருங்கம்மா. பெருநாளுக்கு நானும் சைராவும் ஆலங்காயம் போறோம். நீங்களும் வர்றதுன்னா வாங்க” என்றார்.

நீ எனக்கு எழுதின இரண்டாவது கடிதத்தில் கேட்டாயே, எழுந்து போகும்போது என்னைப் பார்த்தாரா என்று. அன்றைக்கும் பார்க்கவில்லை, இந்தத் தடவையும் பார்க்கவில்லை. அவர் அந்தப் பதிலைச் சொன்னபோது என் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. வேறு பதில் ஒன்றுக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது நசீமா. இதைக் கேட்டு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லமுடியாது.

அதனால் நீ கூப்பிட்டாலும் நான் அங்கே இருக்கமாட்டேன். இருந்தால் மறுபடி ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது விருந்தைவிடக் கஷ்டம்.

மாமியை வெறுக்காதே. நான் புறப்படும்போது வாசல் வரைக்கும் வந்தார். அவருக்கும் அந்த வீட்டில் மாமியார் இருந்திருப்பார்.

இங்கே அண்ணி எனக்கு ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. நீ எனக்கு எழுதாதே. ஆலங்காயம் சேதி வந்தால் என் மனசு அங்கே ஓடும்.

உன் பெருநாள் நல்லபடியாக இருக்கட்டும்.

முனவ்வர் பேகம்


ஆலங்காயம்,
ஷவ்வால் பிறை 3 (10-1-1935)

அன்புள்ள முனவ்வர் அக்காவுக்கு நசீமாவின் பெருநாள் சலாம்.

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அவரும் சைராவும் பிறை தெரிந்த அன்று பொழுது சாய வந்து சேர்ந்தார்கள். மாமி வரவில்லை, வாணியம்பாடியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். சைரா வண்டியிலிருந்து இறங்கி என்னிடம் ஓடி வராமல் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில்தான் மடிக்கு வந்தாள்.

பெருநாளுக்கு ஒரு கறியும் சோறும் கொஞ்சம் சேமியாவும் செய்தோம். அவர் தொழுதுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அம்மா பதறிப்போய்ப் பிடுங்கப் பார்த்தார், அவர் கொடுக்கவில்லை. சாப்பிட்டபின் நான் படுத்தேன். கல்யாணமான பிறகு பெருநாளன்று பகலில் நான் தூங்கியது இதுதான் முதல் தடவை. விழித்தபோது அவர் சைராவோடு வெளியே மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. என்னை எழுப்பிவிடக்கூடாதென்று.

போன வருஷம் கிணற்றடிக்கு வராமல் போனதற்கு வருத்தம் சொன்னார். உங்களைப் பற்றியும் பேசினார். “முனவ்வர் பெரிய மனசுக்காரி” என்றார். எல்லாம் நல்லபடியாக இருந்த அந்த நேரத்தில் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உங்களால்தான் என் பெருநாள் எனக்குத் திரும்பி வந்தது. அது தெரிந்தும் உங்கள் பெயர் அவர் வாயில் வந்ததைப் பொறுக்க முடியவில்லை. சைரா தூங்குமுன் உங்களைக் கேட்கிறாள், நீங்கள் சொன்ன கதையையே சொல்லச் சொல்கிறாள். எனக்கு அந்தக் கதை தெரியாது. அதற்கும் பொறாமை.

அடுத்த மாதம் ஆம்பூர் போகிறேன். மாமியோடு இருக்கத்தான் வேண்டும், இருப்பேன். எதற்கு முடியும், எதற்கு முடியாது என்று வாய்விட்டுச் சொல்லப் பழகவேண்டும்.

நீங்கள் சொன்னது சரி, நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கமுடியாது. வாருங்கள் என்று உபசாரத்துக்குக் கூப்பிட்டு உங்களை நோகடிக்கமாட்டேன். என் மனசில் இருக்கும் இந்த எரிச்சல் இன்னும் போகவில்லை அக்கா. அது போகிற வரைக்கும் நீங்கள் வரவேண்டாம். அது போன அன்றைக்கு, யாரையும் கேட்காமல் வண்டி கட்டிக்கொண்டு நானே பேரணாம்பட்டுக்கு வருகிறேன்.

உங்கள்
நசீமுன்னிசா